விலகல் படிவம்

அரசாங்கப் பணத்தில் ஒரு கதிரை வாங்குவதென்றாலும் அதை எப்படி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். வழக்கும் பேசுவேன். ஆனால் திருகோணமலை நீதிமன்ற வளவில் என்னைவிட நன்றாக வழக்குப் பேசுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அரசாங்கக் கொள்வனவுக்கான பெறுகை விதிகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த விதிகளை வேறு யாரும் வாசிப்பதில்லை என்பதுதான் காரணம்.

விளம்பரம் எத்தனை நாள் வெளியில் இருக்க வேண்டும், விலைமனு, அதாவது ரெண்டர், போடும் பெட்டிக்கு எத்தனை பூட்டு, சாவி யார் யாரிடம், உறையின் இடது பக்க மேல் மூலையில் என்ன எழுத வேண்டும், இரண்டு மணிக்கு மூடும் பெட்டிக்கு இரண்டு மணி ஒரு நிமிடத்தில் வந்தவரை என்ன செய்வது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. பிரதேச சபைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் என்னைக் கூப்பிடும். நான் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருவேன். "மிஸ் வந்திட்டுப் போனா ஒரு கிழமைக்குக் காது கூவும்" என்று ஒரு கணக்காளர் என் காதுபடவே சொன்னார். அவருக்கும் சேர்த்துத்தான் அன்று கத்தினேன்.

குடாவுக்கு அக்கரையில் ஒரு பிரதேச சபை இருக்கிறது. பல வருடமாகப் புதன்கிழமைதோறும் அங்கே போய்வருகிறேன். காலையில் இறங்குதுறையில் லோஞ்ச் படகில் ஏறுவேன். உட்துறைமுகத்து வாயிலைத் தாண்டும்போது கோதுமைக் கப்பல் ஏதும் நின்றால் அதைப் பார்த்துக்கொண்டு போவேன். பின்னேரம் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் திரும்புவேன். சபையில் எனக்கென்று ஒரு மேசை. அதற்கு எதிர் மேசையில் பதினொரு வருடம் ஒரே தொழில்நுட்ப உத்தியோகத்தர். எல்லாரும் அவரை ரி.ஓ. என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவர் என்னை மிஸ் என்பார். அந்தப் பதினொரு வருடத்தில் வேறு பெயரால் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை.

அவர் சம்பூர்க்காரர். ஒருமுறை வீடு வளவு எல்லாவற்றையும் விட்டு எழும்பி ஓடி, முகாம்களில் இருந்து, பிறகு திரும்பிப் போய்க் குடியேறிய குடும்பம். மனைவி நோயில் காலமாகிவிட்டார். ஒரு மகள், ரி.ஓ.வின் அக்காவோடு இருந்து படித்தாள். என்னைப் பற்றி என்ன சொல்ல? கலியாணம் பேசுகிற வயதில் யுத்தம். யுத்தம் முடிந்தபோது கலியாணம் பேசுகிற வயது போய்விட்டது. எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். நான் அழுது வடிந்துகொண்டு இருக்கவில்லை. வேலை இருந்தது.

எங்கள் வேலை இப்படி. ஒரு மதகோ கிணறோ கட்டுவதென்றால் அதற்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலை அவர் தயாரிப்பார். ஒப்பந்த நிபந்தனைகளை நான் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவர் பட்டியலை வாசிப்பார், நான் சரி போட்டுக்கொண்டு வருவேன். மண் வெட்டுதல், கன மீற்றர். கொங்கிரீட், கன மீற்றர். கம்பி, கிலோ. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லைதான். ஆனால் அவசரமே இல்லாத ஒரு குரல். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் நான் சரி போடும்வரை நின்று காத்திருக்கும் குரல். இன்றைக்கும் கம்பி, கிலோ என்று எங்காவது வாசிக்க நேர்ந்தால் என் பேனா ஒரு கணம் நிற்கிறது.

ஒருமுறை, விலைமனு கோரியிருந்த கிழமையில், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஒப்பந்தகாரர் ஒருவர் சபை வாசலில் ஒரு வாழைக்குலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல கதலிக் குலை. எழுதுவினைஞர்கள் கத்தி எடுத்துவிட்டார்கள். நான் வந்து பார்த்துவிட்டுக் குதித்தேன். விலைமனுக் காலத்தில் மனுதாரரிடம் ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்கக் கூடாது, அவரைத் தனியே சந்திக்கக் கூடாது, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அவர் யாரோ நாம் யாரோ என்று கத்தினேன். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரி.ஓ. குலையைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினார். அந்த வெயிலில் ஈச்சிலம்பற்றுவரை போய், பின்னேரம் முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"குடுத்திட்டன் மிஸ்."

"என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லேல்ல. ரிசீற் எழுதித் தாங்கோ எண்டு கேட்டனான். எழுதித் தந்தவர்."

உண்மையிலேயே தந்திருந்தார். கொப்பித் தாள் ஒன்றில், 'வாழைக்குலை ஒன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வைத்திருந்தார். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து சபைச் செயலாளர் எட்டிப் பார்த்தார். ரி.ஓ.வும் சிரித்தார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சும்மா பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே அவர் இருக்கக் கூடாதா என்று தோன்றும் அளவுக்குப் பிடித்திருந்தது.

சொன்னேனா? இல்லை. ஒவ்வொரு புதனும் போய் நிபந்தனைகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

பிறகு மகளின் படிப்பு, வீட்டு வேலை என்று அவருக்குச் சம்பளம் போதாமல் போனது. கட்டாரில் ஒரு கட்டிட நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை வந்தது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ மிஸ்" என்று மேசையில் வைத்தார். போகவா வேண்டாமா என்று அவர் கேட்டதாக எனக்குப் பின்னர் பல தடவை தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன். திரும்பி வரும் விமான ரிக்கற்றை யார் போடுவது என்று அதில் இல்லை, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். இதைவிட மடைத்தனமான ஒரு சட்ட ஆலோசனையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நாலு வருடம். பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். பானை, கரும்பு, பூ. நானும் பானை, கரும்பு, பூ அனுப்புவேன். அவர் கடைசியாக எப்போது அதில் இருந்தார் என்று காட்டுமே, அதைப் பார்ப்பேன். காலையில் பார்ப்பேன், கோர்ட்டில் வழக்குக் கூப்பிடக் காத்திருக்கும்போது பார்ப்பேன், எங்கள் நகரத்தில் மாடுபோலத் தெருவில் திரியும் மான்கள் பஸ் நிலையத்தில் குப்பையைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும் பார்ப்பேன். புதன்கிழமைகளில் எதிர் மேசையில் ஒரு புதுப் பொடியன் இருந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் பட்டியலை வாசிக்கச் சொன்னால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போல வாசிப்பான். நான் எரிந்து விழுவேன். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை.

போன வருடம் சபைக்கு ஒரு வேலை வந்தது. கரையோரத்தில் மீனவர்களுக்கு இறங்குதுறைக் கொட்டில் ஒன்றும், அதற்குப் போகும் பாதையில் ஒரு சிறு மதகும். விளம்பரம் போட்டோம். விலைமனுப் பத்திரம் வாங்கியவர்கள் கையெழுத்து வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. புதன்கிழமை போனதும் அதை நான் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் அவருடைய கையெழுத்து.

பெயரை வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினொரு வருடம் பார்த்த கையெழுத்து.

செயலாளர் கிண்ணியாக்காரர், ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த மனிதர். பதிவேட்டையும் என்னையும் பார்த்தார். "நம்மட பழைய ரி.ஓ.தான் மிஸ். வந்து மூணு கிழமையாம். கொன்றாக்டரா பதிஞ்சிட்டாரு. முதல்முதலா இந்த வேலைக்குத்தான் போடுறாரு."

"மூண்டு கிழமையா?"

"ஓம். இது கிடைச்சா இஞ்சயே இருந்திருவேன் எண்டாரு. கிடைக்காட்டித் திரும்பவும் கட்டார்தானாம். விசாவை இன்னும் கான்சல் பண்ணல்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று கிழமை. நான் நகரத்தில், அவர் சம்பூரில். இடையில் ஒரு பாலமும் ஒரு பஸ்ஸும். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அன்று முழுக்க எல்லாரோடும் எரிந்து விழுந்தேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதுதான் மூளையில் பட்டது. விளம்பரம் வந்தது அவர் வந்த கிழமை. விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறார். விலைமனுக் காலத்தில் மனுதாரர் யாரோ நாம் யாரோ. நான் கத்திச் சொன்னதை இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு மனிதர் காதில் வாங்கியிருக்கிறார், அது இவராகவா இருக்க வேண்டும்?

சட்டப்படி அவருக்குத் தடை ஒன்றும் இல்லை. அதை முதலில் பார்த்துவிட்டேன். சபையை விட்டு நாலு வருடம் ஆகிவிட்டது. இந்த வேலை அவர் போனபின் வரைந்தது. அவர் தாராளமாகப் போடலாம். விலைமனு திறக்கிற நாளில் மனுதாரர்கள் முன்னால் இருப்பார்கள். சட்ட ஆலோசகர் செயலாளருக்குப் பக்கத்தில் இருப்பார். அன்றைக்கு அவரைப் பார்க்கலாம். இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமையில் என் அலுமாரியை நான் எத்தனை தரம் திறந்து மூடினேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் எடுத்தது வழக்கமாக உடுக்கிற சாம்பல் நிறச் சேலைதான். ஆனால் அதை இரண்டு தரம் அயர்ன் பண்ணினேன்.

அந்த நாள் வந்தது. இரண்டு மணிக்குப் பெட்டி மூடும், உடனே திறப்போம். ஒரு மணிக்குச் செயலாளர் படிவங்களைக் கொண்டுவந்து விலைமனுவைத் திறக்கும் குழுவில் உள்ளவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். நலன் முரண்பாடு வெளிப்படுத்தும் படிவம் என்பது அதன் முழுப் பெயர். நாங்கள் விலகல் படிவம் என்போம். மனுதாரர்களில் யாரோடும் உங்களுக்குத் தொடர்பு உண்டா? கணவன் அல்லது மனைவி, இரத்த உறவு, வியாபாரப் பங்கு, கடன் கொடுக்கல் வாங்கல், வேறு. உண்டென்றால் எழுதிவிட்டு எழும்பிப் போக வேண்டும். அந்த வேலை முடியும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. அந்தச் சபையில் இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தது நான். கடைசியில் 'வேறு' என்ற வரியைச் சேர்த்ததும் நான்.

எல்லாரும் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"என்ன மிஸ் யோசிக்கிறீங்க? அவர் உங்களுக்குச் சொந்தமா? இல்லையே."

"இல்லை சேர்."

"பிறகென்ன? நாங்க எல்லாரும் அவரோட வேலை செஞ்ச ஆக்கள்தானே. போடுங்க."

அவர் சொன்னது சரி. இல்லை என்று எழுதினால் எந்த நீதிமன்றத்திலும் என்னை யாரும் அசைக்க ஏலாது. ஆனால் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் நான் சொல்கிற ஒன்று உண்டு. படிவத்தில் உள்ள கேள்வியை விடுங்கள். அந்த மனிதருடைய உறையை வெட்டும்போது உங்கள் நெஞ்சு ஒருதரம் கூடுதலாக அடிக்குமோ என்று கேளுங்கள். அடித்தால் எழும்பிப் போங்கள். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இரண்டு கிழமையாக என் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று எனக்குத் தெரியும். அவருடைய விலைமனுவில் ஒரு பிழை இருந்தால் அதைப் பிழை என்று சொல்வேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதே பதில்.

ஆனால் அவரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்குத்தான் வந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நேர்மை, நேர்மை என்று நான் ஒன்றும் துள்ளிக்கொண்டு எழுதவில்லை. கண்கள் எரிய எரிய எழுதினேன். 'வேறு' என்ற வரிக்கு எதிரே மூன்று வசனங்கள்:

'இம்மனுதாரர் விடயத்தில் என்னால் நடுநிலையாக இருக்க இயலாது. எங்களுக்குள் உறவு எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு.'

செயலாளர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் வாசித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றியுள்ளவள். "இதை ஃபைல்ல போடுறேன் மிஸ்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பஸ் ரெண்டரைக்குத்தான். வெளியில வெயில். குசினியில இருங்க" என்றார்.

சபையின் குசினி என்பது கூட்ட மண்டபத்தோடு ஒட்டிய ஒரு சின்ன அறை. நடுவில் பலகைத் தட்டி. அது கூரைவரை போகாது. அங்கே இருந்தால் எல்லாம் கேட்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெளியே வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நான் செய்த பிழை அது, ஒத்துக்கொள்கிறேன்.

கதிரைகள் இழுபடும் சத்தம். ஆட்கள் வந்து இருக்கிறார்கள். பிறகு அந்தக் குரல்.

"மிஸ் வரேல்லையோ?"

"மிஸ் இந்த வேலையில இல்ல" என்றார் செயலாளர்.

"சுகமில்லையோ?"

"இல்ல இல்ல. சுகமாத்தான் இருக்கிறா."

நான் கேத்திலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஆறிப்போன கேத்தில். பலகைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு அடியில் அவர் இருந்தார். நாலு வருடம் கடல் கடந்து இருந்தபோது பொறுத்துக்கொண்டேன். அந்த ஏழெட்டு அடியைத்தான் பொறுக்க முடியவில்லை.

உறைகளை வெட்டினார்கள். செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். மூன்று விலைமனு. அவருடையது கடைசி. அவர் கேட்ட தொகைதான் மூன்றிலும் குறைவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது இன்னொரு மனுதாரர் பேசினார். "சேர், அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ. கையொப்பம் இல்லையே."

"இருக்கே."

"அது அவர் வைக்க வேண்டிய இடத்தில இல்லை சேர்."

தாள் கைமாறும் சத்தம். பிறகு ரி.ஓ. மெல்லச் சிரித்தது கேட்டது. "பழக்கதோசம் சேர்."

எனக்கு விளங்கிவிட்டது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். இடப்பக்கக் கோடு, தயாரித்த தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு. வலப்பக்கக் கோடு, மனுதாரருக்கு. பதினொரு வருடம் இடப்பக்கத்தில் வைத்த கை. தன்னுடைய சொந்த விலைமனுவிலும், தன் ரப்பர் முத்திரையை வலப்பக்கம் சரியாகக் குத்திவிட்டு, கையெழுத்தை மட்டும் கொண்டுபோய் இடப்பக்கம் வைத்திருக்கிறார்.

அதற்குச் சட்டத்தில் பதில் உண்டு. ஒரு வசனம் போதும். கையொப்பம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. எழுத்தில் விளக்கம் கேளுங்கள், விலையில் மாற்றம் இல்லை, இது மன்னிக்கக்கூடிய குறை. எந்த மனுதாரருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பலகையைத் தட்டிச் சொல்லலாம்போல இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். "குறிச்சு வைப்பம், மதிப்பீட்டில பாப்பம்" என்று செயலாளர் முடித்தார். கதிரைகள் இழுபட்டன. மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பிப் போனது. நான் இரண்டரை பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பத்து நாள் கழித்துச் செயலாளர் ஃபோனில் கோல் எடுத்தார்.

"மிஸ், ஒரே ஒரு கேள்வி."

"கேட்காதீங்கோ சேர்."

"நான் ஆளைச் சொல்ல மாட்டேன். பொதுவாக் கேக்கிறேன்."

"சொல்லாட்டி எனக்குத் தெரியாதோ? வேற ஆரையும் கேளுங்கோ. மாகாணத்தில சட்டப் பிரிவு இருக்குத்தானே."

"அவங்க பதில் போட மூணு மாசம் போகும். அதுக்குள்ள விலைமனு செல்லுபடியாகிற காலம் முடிஞ்சிரும். அப்ப உங்கட நோட்டில உள்ளபடிதான் செய்யணும்."

என் நோட்டு. பயிற்சி வகுப்புக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு தாள். முன்பக்கத்தில், 'உரிய இடத்தில் கையொப்பம் இல்லாத விலைமனு நிராகரிக்கப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் நிராகரிப்பதே பாதுகாப்பு' என்று தடித்த எழுத்தில் இருக்கும். விதிவிலக்குகள் பின்பக்கத்தில். போட்டோ கொப்பி எடுத்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். திருத்திக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது 'பின்பக்கத்தையும் பாருங்கோ' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ரி.ஓ. இங்கேயே இருப்பார். கொட்டிலைக் கட்டுவார். கம்பி வாங்க நகரத்துக்கு வருவார். வாயைத் திறந்தேன்.

"நான் ஒண்டும் சொல்ல ஏலாது சேர்" என்றேன். வைத்துவிட்டேன். அன்று நான் சாப்பிடவில்லை.

முன்பக்கத்தின்படியே செய்தார்கள். வேலை இரண்டாவது மனுதாரருக்குப் போனது. விதிப்படி ஆட்சேபனைக்கு நாள் கொடுத்தார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள், கையெழுத்தானது.

கையெழுத்தான மறுநாள் காலை, கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவர் என் அலுவலகப் படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. மெலிந்திருந்தார். நான் கதிரையைக் காட்டினேன். இருந்தார். பிளேன்டீ வேண்டுமா என்று கேட்டேன்.

"இனிக் குடிக்கலாம்தானே மிஸ்?"

"குடிக்கலாம். நேற்றோட எல்லாம் முடிஞ்சுது."

"நேற்றுத்தான் கட்டார் கொன்றாக்டிலயும் சைன் வைச்சனான். ஏஜென்சிக்காரன் நேற்றுக் கடைசி நாள் எண்டிட்டான். ரெண்டு வருசம். வாற வியாழன் பயணம்."

ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. ஏன் வரவில்லை என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? என் விதியை அதன் கடைசி மணித்தியாலம்வரை காத்த மனிதரிடம் என்ன கேட்பது?

"எனக்கு உங்களோட கோவம்தான் வந்தது மிஸ்" என்றார். "அண்டைக்கு நீங்க இல்லையெண்டதும் நான் என்ன பிழை செய்தனான் எண்டு யோசிச்சுப் பாத்தன். பிறகு, தோத்தவனுக்குக் காரணம் கேக்கிற உரிமை இருக்கெண்டு நீங்கதானே சொல்லுவீங்கள். போய்க் கேட்டனான். சேர் ஃபைலைத் தந்து இருந்து வாசி எண்டவர்."

என் காது சுட்டது. "எல்லாத்தையும் வாசிச்சனீங்களோ?"

"ஓம். கையொப்பம் என்ட பிழை. அதில கதை இல்லை." பிளேன்டீக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உங்கட படிவத்தையும் வாசிச்சனான். மூண்டு வசனம் எழுதியிருக்கிறீங்கள்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நடு வசனம் பிழை மிஸ்" என்றார்.

பட்டியல் வாசிக்கும் அதே குரல். சொல்லிவிட்டு, அன்றுபோலவே நான் சரி போடும்வரை காத்திருந்தார். நாற்பத்தாறு வயதில், கோர்ட்டுக்குப் போகும் கறுப்புக் கோட்டோடு, நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் வாய்க்கு ஊர் பயப்படும். அந்த வாயில் கடைசியில் வந்ததும் என் தொழில் சொல்தான்.

"பிழை எண்டா வெட்டித் திருத்தலாம். பக்கத்தில கையொப்பம் வைக்க வேணும்."

அவர் எழும்பினார். கோப்பையைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"வந்து வைக்கிறன்."

இப்போது பொங்கலுக்கு அவர் பானை அனுப்புவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுக்கிறார். வேலைத்தலத்தில் என்ன நடந்தது என்று சொல்வார். நான் யாரோடு சண்டை போட்டேன் என்று சொல்வேன். இன்னும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார். கொட்டிலைக் கட்டி முடித்துவிட்டார்கள். லோஞ்சில் போகும்போது அதன் தகரக் கூரை தெரியும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அவர் வர இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம்.